வளவில் நிற்கும் ஹெம்லொக்கை வெட்டலாமா?

கேள்வி: 2023 செப்ரெம்பர் 30

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்துக் கோபேர்க் பக்கம் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். பின்வளவில், ஓடைக்கரையோடு, மூன்று பெரிய மரங்கள் நிற்கின்றன. ஹெம்லொக் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சாக்ரடீசுக்குக் கொடுத்த நஞ்சு அதுதானே? பிள்ளைகளுக்கு நாலு வயதும் ஆறு வயதும். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகிற பருவம். வெட்ட ஆள் பேசியாயிற்று. பனி கொட்ட முதல் முடித்துவிட வேண்டும். முன்பு வெட்டுவித்தவர்கள் இருந்தால் என்ன செலவானது என்று சொல்லுங்கள்.

2023 செப்ரெம்பர் 30, இரவு

வெட்டாதீர்கள். பேசிய ஆளை நாளைக்கே மறித்துவிடுங்கள்.

சாக்ரடீஸ் குடித்தது ஒரு பூண்டின் சாறு. கொத்தமல்லி, கரட் குடும்பத்துச் செடி அது. ஆள் உயரத்துக்கு வளரும், தண்டில் ஊதாப் புள்ளிகள் இருக்கும், குடை விரித்த மாதிரி வெள்ளைப் பூப் பூக்கும், இரண்டாம் வருடம் காய்த்துச் செத்துப்போகும். உங்கள் வளவில் நிற்பது பைன் குடும்பத்து மரம். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இதன் இலையைக் கசக்கி மணந்தபோது அந்தப் பூண்டின் மணம் ஞாபகம் வந்ததாம், அதே பேரை இதற்கும் வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். பேரைத் தவிர இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

நான் இருப்பது பீற்றர்பரோவுக்கு வடக்கே. எங்கள் வளவின் வடக்குச் சரிவு முழுக்க ஹெம்லொக். பதினாறு வருடமாக அதற்குள் நடந்து திரிகிறேன். இந்த நாட்டுப் பூர்வகுடி மக்கள் இதன் இலையில் கசாயம் வைத்துக் குடித்து வந்திருக்கிறார்கள். நானும் இளங்குருத்தைக் கிள்ளித் தேத்தண்ணி போட்டுக் குடித்திருக்கிறேன். எலுமிச்சைத் தோலும் பைன் பிசினும் கலந்த வாசம். நீங்களும் போட்டுப் பாருங்கள், பயம் போய்விடும்.

2023 ஒக்டோபர் 1, காலை 5.40

இரவு முழுக்க நித்திரை சரியில்லை. நேற்று எழுதியதன் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் மரத்தை என் கண்ணால் பார்க்காமல் "தேத்தண்ணி போட்டுப் பாருங்கள்" என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

காரணம் இதுதான். யூ என்றொரு செடி இருக்கிறது. ஒன்ராறியோக் காடுகளில் அது முழங்கால், இடுப்பு உயரத்தில் படர்ந்து கிடக்கும். அதைத் "தரை ஹெம்லொக்" என்று சொல்லும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊசி இலை, தட்டை, கரும்பச்சை, பார்வைக்கு ஹெம்லொக்கே தான். ஆனால் அதன் இலை, பட்டை, விதை எல்லாம் கடும் நஞ்சு. இதயத்தை நிறுத்திவிடும். காய்ந்த இலையிலும் அந்த நஞ்சு அப்படியே இருக்கும்.

மரத்தின் படமும், ஒரு சிறு கிளையை மறுபக்கம் திருப்பி வைத்து எடுத்த படமும் போடுங்கள். அது வரைக்கும் எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

2023 ஒக்டோபர் 2

படங்கள் கிடைத்தன, நன்றி தங்கச்சி. ஓடைக்கரை மரம் மூன்றும் ஹெம்லொக். சந்தேகமே இல்லை.

ஆனால் நாலாவது படத்தில், பிள்ளைகள் நிற்கிற முன்வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில், சதுரமாகக் கத்தரித்து விட்ட பச்சை வேலி ஒன்று தெரிகிறதே. அதில் மஞ்சாடியை விடக் கொஞ்சம் பெரிதாகச் சிவப்புச் சிவப்பாகப் பழங்கள். அதுதான் யூ. அந்தப் பழத்தின் சிவப்புச் சதையில் மட்டும் நஞ்சில்லை. நடுவில் இருக்கிற விதையைக் கடித்தால் ஆபத்து. இனிப்பான, பளபளக்கிற, நாலு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிற பழம்.

வெட்டுகிற ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள். வெட்ட வேண்டியது வாசலில் நிற்கிறது. வெட்டும்போது கையுறை போடச் சொல்லுங்கள், வெட்டிய கிளைகளை ஆடு மாடு குதிரை மேயும் இடத்தில் கொட்ட விடாதீர்கள்.

2023 ஒக்டோபர் 2, பின்னேரம்

எப்படி ஒரு படத்தைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கிளையைத் திருப்புங்கள், அவ்வளவுதான். ஹெம்லொக் ஊசி ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் நீளம், நுனி மழுங்கல். அடிப்பக்கத்தில் நடு நரம்பின் இரு கரையிலும் சுண்ணாம்பால் இழுத்த மாதிரி இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். யூவின் அடிப்பக்கம் வெறும் வெளிர்பச்சை. கோடு இல்லை. நுனியும் கூர்.

2023 ஒக்டோபர் 4

சட்பரியிலிருந்து ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. "பல்சம் ஃபர் என்ற மரத்தின் ஊசிக்கும் அடியில் இரண்டு வெள்ளைக் கோடு உண்டு, கோடுகளை மட்டும் நம்பினால் பிழையாகிவிடும்." உண்மை. ஆகவே இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஹெம்லொக் ஊசிக்கு நூல் மாதிரி ஒரு சின்னக் காம்பு இருக்கிறது. ஃபர் மரத்துக்கு அது கிடையாது, ஊசி நேரே கிளையில் ஒட்டியிருக்கும், பிடுங்கினால் வட்டத் தழும்பு விடும். ஃபர் மரத்தின் இளம் பட்டையில் கொப்புளம் கொப்புளமாகப் பிசின் இருக்கும், நகத்தால் குத்தினால் பீறும். ஹெம்லொக்கில் அப்படி இல்லை. முதிர்ந்தால் பட்டை ஆழமாக வெடித்துக் கருஞ்சிவப்பாகத் தெரியும். காய்கள் சுண்டுவிரல் நுனியளவு, கிளை நுனியில் கீழ்நோக்கித் தொங்கும். ஃபர் மரத்தின் காய்கள் மெழுகுதிரி போல நிமிர்ந்து நிற்கும்.

இன்னொன்று. ஹெம்லொக் கிளையை மேலிருந்து பாருங்கள். பெரும்பாலான ஊசிகள் இரு பக்கமும் விரிந்திருக்கும். கிளையின் முதுகில் மட்டும் சிறு ஊசிகள் ஒரு வரிசையாய் மல்லாந்து கிடக்கும், அவற்றின் வெள்ளைக் கோடு வானத்தைப் பார்க்கும். இதைப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு ஒருபோதும் மாறாது.

2023 ஒக்டோபர் 9

நன்றி கூறும் நாள் விடுமுறை. மகளோடு அல்கொன்குயின் பூங்காவில் ஹெம்லொக் பிளவ் நடைபாதை போய் வந்தோம், 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இருக்கிறது, மூன்றரைக் கிலோமீற்றர். மேப்பிள் எல்லாம் எரிகிற மாதிரிச் சிவந்து நிற்கிறது, ஆட்கள் அதைப் படமெடுக்கத்தான் வருகிறார்கள். ஹெம்லொக் நிழலுக்குள் கால் வைத்ததும் குளிர் ஏறும், சத்தம் அடங்கும். கீழே புல் பூண்டு அதிகம் இருக்காது, ஊசி உதிர்ந்து மெத்தையாய்க் கிடக்கும்.

உச்சிக் குருத்து எப்போதும் தலை கவிழ்ந்து நிற்கும். அந்தக் குருத்து கிழக்கைக் காட்டும், வழி தவறினால் அதைப் பார்த்து நடக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. நான் எங்கள் வளவில் திசைகாட்டி வைத்து 30 மரம் பார்த்தேன். கிழக்கே சாய்ந்தவை 12. மற்றவை எல்லாப் பக்கமும். அதை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

2023 ஒக்டோபர் 17

"அண்ணை, வெட்டவேண்டாம் எண்டு விட்டிட்டம். ஆனா ஒரு மரத்திலை உங்களுக்கு ஏன் இவ்வளவு பற்று?" என்று கேட்டிருந்தீர்கள்.

2016இல் ஒரு புயலில் பெரிய பீச் மரம் ஒன்று சாய்ந்து, கீழே நின்ற சிறு ஹெம்லொக் ஒன்றை முறித்துவிட்டது. அந்த ஹெம்லொக்கின் தடிமன் என் மணிக்கட்டளவு, ஆறு சென்ரிமீற்றர். உயரம் ஆளுயரத்தை விட இரண்டு மடங்கு. ஒரு பத்துப் பதினைந்து வயதுக் கன்று என்றுதான் நினைத்தேன். கைவாளால் ஒரு துண்டு அறுத்து, மணற்தாள் போட்டுத் தேய்த்து, பூதக்கண்ணாடியோடு மேசையில் இருந்தேன். பத்து வளையத்துக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டே போனேன். ஒன்பது குண்டூசி குத்தி முடிந்தும் நாலு வளையம் மிச்சம். 94 வயது. என்னுடைய அப்பா பிறக்க முதலே முளைத்த மரம்.

சில வளையங்கள் தலைமயிர் அகலம்கூட இல்லை. பெருமரங்களின் நிழலுக்குள், முழு வெயிலில் இருபதில் ஒரு பங்கு வெளிச்சம் கிடைத்தாலும் இது உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இருநூறு வருடத்துக்கு மேல் அப்படி நின்ற மரங்கள் உண்டு. மேலே ஒரு மரம் விழுந்து இடம் திறந்தால் உடனே எழும்பும். 250, 300 வயதில்தான் முதிர்ச்சி, 800 தாண்டியும் வாழும். அந்தத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது, குண்டூசிகளை எடுக்கவில்லை.

2023 ஒக்டோபர் 18

மேலே "பத்து வளையத்துக்கு ஒரு குண்டூசி" என்றால் ஒன்பது குண்டூசிக்கு 90, அதோடு மிச்சம் நாலு, சரியாகத்தான் எழுதினேனா என்று ஒருமுறை திரும்ப எண்ணிப் பார்த்தேன். 94 தான்.

2023 நவம்பர் 5

மரம் எதற்கு உதவும் என்ற கேள்விக்கு.

விறகுக்கு வேண்டாம். கணப்புக்குள் வெடித்து வெடித்துப் பொறி தள்ளும், சூடும் குறைவு. ஹெம்லொக்கின் கணு கல்லு மாதிரி. என் கோடரியின் வாயில் பிறை வடிவில் ஒரு துண்டு பறந்தது ஒரு கணுவில்தான்.

பலகை வேறு கதை. எங்கள் பக்கத்துக் கமக்காரரின் மாட்டுக் கொட்டில் நூறு வருடத்துக்கு மேற்பட்டது, உத்தரம், சுவர்ப்பலகை எல்லாம் ஹெம்லொக். ஆணியை இறுகப் பிடித்துக்கொள்ளும் மரம் இது, அதனால்தான் ரயில் பாதைக்குக் குறுக்குக்கட்டையாக ஏராளம் போட்டார்கள். ஈரமாக இருக்கும்போதே ஆணி அடித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு அடித்தால் ஆணிதான் வளையும்.

கெட்ட குணம், வளையத்தோடு வளையம் கழன்று பிரிவது. ஓடைக்குக் குறுக்கே சின்னப் பாலம் போட ஒரு மரவாடியில் பலகை வாங்கினேன். முகப்பு நல்ல சுத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து அறுத்தால் உள்ளே வெங்காயத் தோல் உரிகிற மாதிரி நீளத்துக்குப் பிரிந்திருந்தது, எட்டில் மூன்று பலகை. முறையிட்டேன், "மரம் அப்படித்தான்" என்று கையை விரித்துவிட்டார்கள். பலகையின் இரண்டு தலைப்பையும் குனிந்து பார்த்துப் பிறை வடிவ வெடிப்பு இல்லை என்று கண்ட பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும். மண்ணோடு படுகிற இடத்தில் போடவும் கூடாது. என் பாலத்தின் கால்களை ஐந்தாம் வருடமே மாற்ற வேண்டி வந்தது, உளுத்துவிட்டது.

2023 நவம்பர் 12

பட்டையைப் பற்றி நேற்று மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் யோசித்தேன், மேலே எழுதியது முழுவதும் இரண்டாம் பட்சப் பயன்கள். இந்த மரத்தை ஆட்கள் ஒரு நூற்றாண்டாக வெட்டித் தள்ளியது பலகைக்காக அல்ல, பட்டைக்காக.

பட்டையில் பத்தில் ஒரு பங்குக்குத் துவர்ப்பொருள். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை செய்த வேலையை இங்கே ஹெம்லொக் பட்டை செய்தது: தோல் பதனிடுவது. நியூயோர்க் மாநிலத்துக் கற்ஸ்கில் மலைகளில் 1820களில் சடொக் பிராற் என்பவர் பெரிய தோல் தொழிற்சாலை கட்டினார், ஊருக்கே அவர் பேர், பிராற்ஸ்வில். சுற்றியிருந்த ஹெம்லொக் தீர்ந்ததும் தொழில் முடிந்தது. பிறகு பென்சில்வேனியா. அங்கும் காடு காடாகப் போனது. அதே பென்சில்வேனியா 1931இல் இதைத் தன் மாநில மரமாக அறிவித்தது.

வேலை நடந்த விதத்தைக் கேளுங்கள். மே மாதம் சாறு ஓடத் தொடங்கி, பட்டை கழன்று வருகிற காலத்தில் காட்டுக்குள் இறங்குவார்கள். மரத்தைச் சாய்த்து, நாலு அடிக்கு ஒரு வெட்டு வளையமாகப் போட்டு, தட்டை உளி மாதிரி ஒரு கருவியை உள்ளே விட்டு நெம்பினால் பட்டை பலகை பலகையாக வரும். அதை அடுக்கிக் காயவிட்டு, பனிக்காலத்தில் சறுக்கு வண்டியில் ஏற்றுவார்கள். உரித்த மரம் பெரும்பாலும் அங்கேயே கிடந்து உக்கும். முன்னூறு வயது மரம், பட்டைக்காக மட்டும்.

ஒன்ராறியோவும் விதிவிலக்கல்ல. மஸ்கோக்காவில் பிரேஸ்பிரிட்ஜ், ஹன்ட்ஸ்வில் இரண்டு ஊரிலும் ஹெம்லொக் பட்டையை நம்பித்தான் தோல் தொழிற்சாலைகள் வந்தன. ஹன்ட்ஸ்வில் தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஒரு இசைக்குழு, அதை நடத்த 1918இல் ஹேர்பேட் கிளாக் என்ற பேர்பெற்ற கோர்னெற் (ஒரு ஊதுகருவி) கலைஞரையே கூட்டி வந்தார்கள். கோடையில் மஸ்கோக்காவுக்குப் போகிறவர்கள் ஏரிக்கரைக் காட்டில் நிற்கும் ஹெம்லொக்கின் பருமனைப் பாருங்கள். மிகப் பருத்தவை குறைவு. ஏன் என்று இப்போது தெரியும்.

2023 நவம்பர் 26

ஹெம்லொக் கன்று நடுவது பற்றி. முதலில் பிழையாகப் போனதை எழுதுகிறேன்.

2019 சித்திரையில் முழங்கால் உயரக் கன்றுகள் ஆறு வாங்கினேன். மூன்றைத் தெருக்கரையில், பச்சை வேலியாக வரட்டும் என்று வைத்தேன். மூன்றை ஓடைச்சரிவில். தெருக்கரையில் வைத்ததில் இரண்டு இரண்டாம் வசந்தத்தில் போய்விட்டன. தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் ஊசி செங்கல் நிறமாகி உதிர்ந்தது, வீட்டைப் பார்த்த பக்கம் பச்சை. பனிக்காலத்தில் தெருவுக்குப் போடுகிற உப்பு காரின் சக்கரத்தில் தெறித்து வந்து செய்த வேலை. மூன்றாவதை மான் தின்றது. வெள்ளைவால் மானுக்குப் பனிக்காலத்தில் ஹெம்லொக் கிளை சோறு மாதிரி.

ஓடைச்சரிவில் வைத்த மூன்றும் இருக்கின்றன, இப்போது என் தோளுக்கு மேலே. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கம்பிக் கூடு போட்டேன். அடியில் உக்கிய இலையும் மரத்தூளும் நாலு விரல் மொத்தத்துக்குப் பரப்பினேன், தண்டோடு ஒட்டாமல். இதன் வேர் மேலாக ஓடும், ஆழம் போகாது, ஆகவே ஆடி மாத வரட்சியில் இரண்டு வாரம் மழை இல்லையென்றால் வாளியோடு போக வேண்டும். புளிப்பு மண், ஈரம், ஆனால் தண்ணீர் தேங்காத இடம், பின்னேர வெயிலுக்கு மறைவு, பலத்த காற்றுக்கு மறைவு. இவ்வளவும் இருந்தால் ஒழுங்காகக் கத்தரித்து அழகான வேலியாகவும் வளர்க்கலாம். தங்கச்சி, உங்கள் வாசலில் யூவை எடுத்த இடத்தில் வைக்கலாமா என்று கேட்டீர்கள். வாசல் வடக்குப் பார்த்தது, தெருவிலிருந்து அறுபது அடி என்றீர்கள். தாராளமாக வைக்கலாம்.

2023 டிசம்பர் 10

ஒக்டோபரில் பொறுக்கிய காய்களை வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்திருந்தேன். ஈரத்தில் இறுக மூடியிருந்தவை ஒரு இரவில் ரோசாப்பூ மாதிரி விரிந்துவிட்டன. தட்டினால் விதை கொட்டுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிச் சிறகு. ஒரு கிலோவுக்கு நாலு லட்சம் விதை வரும் என்றால் எவ்வளவு சிறிது என்று பாருங்கள். 200 எண்ணி ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தாயிற்று. பத்து வாரக் குளிர் பட்டால்தான் இதற்கு உறக்கம் கலையும்.

2024 பெப்ரவரி 18

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். குளிர் நாடுதானே, எங்களுக்கு வராது என்று நானே போன வருடம் வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். பிழை.

ஹெம்லொக்குக்கு ஒரு எமன் இருக்கிறது. அடல்ஜிட் என்ற பூச்சி, ஒன்றரை மில்லிமீற்றருக்குள். ஊசி கிளையோடு சேருகிற இடத்தில் வாயைக் குத்தி, மரம் சேமித்து வைத்த சத்தை உறிஞ்சும். தன்மேல் வெள்ளைப் பஞ்சு சுற்றிக்கொள்ளும். ஜப்பானிலிருந்து வந்தது, கிழக்கு அமெரிக்காவில் 1951இல் வேர்ஜினியாவின் ரிச்மண்ட் பக்கம் முதலில் கண்டார்கள். இங்கே இருப்பவை எல்லாமே பெண். ஆண் தேவையில்லாமல் வருடத்துக்கு இரண்டு தலைமுறை. ஒரு பூச்சி தப்பினாலும் போதும். தாக்கிய மரம் நாலு முதல் பத்து வருடத்தில் பட்டுப்போகும். தெற்கு அப்பலாச்சிய மலைகளில் சரிவு சரிவாக நரைத்த எலும்புக்கூடுகள் நிற்கின்றன.

கனடாவில் 2017இல் நோவா ஸ்கோஷியா, 2019இல் நயாகரா, 2022இல் கிராப்டன். கிராப்டன் எங்கே என்று கோபேர்க்கில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, பக்கத்து ஊர்.

கடுங்குளிர் இதைக் கொல்லும் என்பது உண்மை, சைபருக்கு 25, 30 பாகை கீழே போனால் பெரும்பகுதி சாகும். ஆனால் அப்படிப்பட்ட இரவுகள் குறைந்து வருகின்றன, மிஞ்சுவது தனியாகவே பெருகும். குளிரை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது: கார்த்திகையிலிருந்து வைகாசி வரை மாதம் ஒருமுறை கிளைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காது துடைக்கிற பஞ்சின் நுனி மாதிரி வெள்ளை உருண்டைகள் ஊசியின் அடியில் வரிசையாக இருந்தால் படமெடுத்து, கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்துக்கு உடனே அறிவியுங்கள். கிளையை முறித்து எங்கும் கொண்டுபோக வேண்டாம். ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை ஹெம்லொக்குக்குக் கிட்ட பறவைக்குத் தீனி தொங்கவிட வேண்டாம், குஞ்சுப்பூச்சி பறவையின் காலில் ஏறிப் பயணம் போகும். விறகை ஊருக்கு ஊர் காவாதீர்கள்.

2024 பெப்ரவரி 20

சிலந்தி முட்டைக்கூடும் வெள்ளையாகத்தான் இருக்கும், பிசின் துளியும் வெள்ளையாகக் காயும். அடல்ஜிட் பஞ்சு ஊசியின் அடியிலேயே, கிளையோடு ஒட்டி இருக்கும். ஊசியின் நடுவில் இருந்தால் அது வேறு.

2024 மார்ச் 3

நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கெஜிம்குஜிக் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். 2018இல் அங்கே பூச்சியைக் கண்டார்கள். அவர் வழக்கமாக நடக்கிற பாதையில் கிழட்டு ஹெம்லொக்குகளின் அடியில் இப்போது வெயில் விழுகிறதாம். "முந்தி மத்தியானத்திலும் இருட்டா இருந்த இடம் தம்பி" என்கிறார். அந்த ஒரு வரியை நான் நாலுமுறை வாசித்தேன். ஓடைக்கு மேலே நிழல் போனால் தண்ணீர் சூடாகும், குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற புறூக் ட்ரவுட் மீன் போகும். மரத்தோடு நிற்காது.

மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு அக்கா, அதில் ஒன்று நமக்குத் தெரிந்ததுதான். வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கிற அசாடிராக்டின். அடிமரத்தில் துளையிட்டுச் செலுத்துவார்கள், சாற்றோடு மேலேறிக் கிளைக்குப் போகும். ஆஷ் மரங்களைத் துளைக்கிற மரகத வண்டுக்கும் இங்கே அதைத்தான் செலுத்தி வந்தார்கள். எங்கள் கொக்குவில் வளவில் கிணற்றடி வேம்புக்குக் கீழே அம்மம்மா கொட்டை பொறுக்கிக் காயவைத்து, நெல்லுப் பெட்டிக்குள் போட்டு வைப்பா. அதே கொட்டையின் சாறு இந்தப் பனிக்காட்டில் முன்னூறு வயது மரத்தின் நரம்புக்குள் ஏறுகிறது என்று அறிந்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

மற்றது இமிடாகுளோபிரிட். அது நாலைந்து வருடம் மரத்துக்குள் நின்று காக்கும், ஆனால் தண்ணீருக்குள் போனால் நீர்ப்பூச்சிகளுக்குக் கேடு. ஓடைக்கரை மரங்களுக்கு எது, எப்படி என்பதை அனுமதிப்பத்திரம் உள்ள ஆள் வந்து பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கடையில் வேப்பெண்ணெய் வாங்கி அடிக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: நூறடி மரத்துக்கு அது எட்டாது. வேண்டாம்.

2024 மார்ச் 4

ஒன்று விட்டுப்போயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேற்கு ஹெம்லொக் இருக்கிறது, அங்கே அடல்ஜிட்டும் இருக்கிறது, மரம் சாகவில்லை. அங்கே அந்தப் பூச்சி நெடுங்காலமாக இருக்கிறது, அதைத் தின்கிற லரிகோபியஸ் என்ற கறுப்பு வண்டும் கூடவே இருக்கிறது. 2023 இலையுதிர் காலத்தில் அந்த வண்டுகளைப் பிடித்து வந்து நோவா ஸ்கோஷியாவில் விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 20 வருடமாக விடுகிறார்கள். வண்டு பெருக வருடங்கள் எடுக்கும். அது வரைக்கும் மருந்து மரத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 21

200இல் 41 முளைத்திருக்கிறது. நிலக்கீழ் அறைச் சன்னல், 15 பாகை. தலையில் விதைத்தோலைத் தொப்பி மாதிரிப் போட்டுக்கொண்டு நிற்கின்றன, மூன்று மூன்று ஊசி.

2024 யூலை 14

41இல் 26 மிச்சம். கூடுதலாகத் தண்ணீர் விட்டதால் தண்டடி அழுகி ஒரு வாரத்தில் ஒன்பது போனது. மற்றவை வெயில் பட்ட ஒரு மத்தியானத்தில். முதல் வருடம் முழுக்க மூன்று சென்ரிமீற்றர்தான் வளரும், அந்த மூன்று சென்ரிமீற்றருக்குள் வேர் காய்ந்தால் கதை முடிந்தது. காட்டில் இது ஏன் பாசி மூடி உக்கிய அடிக்கட்டைகளின் மேல் முளைக்கிறது என்று இப்போது விளங்குகிறது. கட்டை பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நானும் மீதியை ஓடைக்கரையில் கிடக்கிற பழைய கட்டை ஒன்றின் மேல் பாசியைக் கீறி வைத்துவிட்டேன்.

2024 ஓகஸ்ட் 2

விஞ்ஞானப் பேர் பற்றி ஒருவர் கேட்டார். "சுகா" என்பது ஜப்பானியர் தங்கள் ஊர் ஹெம்லொக்குக்கு வைத்த பேர். அவர்கள் அதை எழுதும் எழுத்தில் பாதி மரம், பாதி தாய். இந்தியாவிலும் இந்த இனம் ஒன்று இருக்கிறது: இமயமலையில், குமாவோனிலிருந்து சிக்கிம், அருணாசலம் வரை.

5,500 வருடங்களுக்கு முன் கிழக்கு வட அமெரிக்கா முழுக்க ஹெம்லொக் திடீரென்று குறைந்ததாம், ஏரிச் சேற்றில் கிடைக்கிற மகரந்தத்தைக் கொண்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். வரட்சியா, பூச்சியா என்று இன்னும் வாதம். திரும்பி வர ஆயிரம் வருடத்துக்கு மேல் எடுத்தது.

2025 மார்ச் 15

இன்று கோபேர்க் போனேன். கேள்வி கேட்ட தங்கச்சி வீட்டுக்கு, ஒன்றரை வருடம் கழித்து. யூ இருந்த இடத்தில் ஐந்து ஹெம்லொக் கன்றுகள், கம்பிக் கூட்டோடு. ஓடைக்கரை மரங்களின் கீழ்க்கிளை முழுவதும் பார்த்தோம், பஞ்சு இல்லை. ஆனால் பூச்சி பெரும்பாலும் மேலேதான் தொடங்கும், அது கண்ணுக்கு எட்டாது. கனடிய வனச் சேவை ஆட்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ரப்பர்ப் பந்தில் வெல்குறோவைச் சுற்றி, பெரிய கெற்றப்போலால் கொப்புகளுக்குள் அடிப்பது. பஞ்சு இருந்தால் வெல்குறோவில் ஒட்டிக்கொண்டு வரும்.

அப்படி ஒன்று செய்து கொண்டுபோயிருந்தேன். மூத்தவனுக்கு இப்போது ஏழு வயது. பந்து விழுந்த ஒவ்வொரு தரமும் ஓடிப்போய் எடுத்து, பூதக்கண்ணாடியால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "ஒண்டும் இல்லை மாமா" என்று கத்தினான். எட்டுப் பந்து சுத்தமாக வந்தது. ஒன்பதாவது மூன்றாம் மரத்தின் உச்சிக்குக் கிட்ட ஒரு கவட்டில் மாட்டிக்கொண்டது, இருட்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம், விழவில்லை. காற்று அடித்து விழுந்ததும் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.